திசை தெரியாத காது

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. போன வருஷம் நீ எழுதியது மொத்தம் ஆறு வரி. அதில் இரண்டு வரி உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. குழாய் சரியாகிவிட்டதா?

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். பிடித்த பேச்சுக்குப் போட்டுக்கொள்கிறாள், பிடிக்காத பேச்சுக்குக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிடுகிறாள். போன வாரம் முழுக்க அது இழுப்பறையில்தான் இருந்தது. நான் செய்த குற்றம் என்னவென்று இன்னும் தெரியவில்லை.

மியூசியத்தில் என் மேஜைக்கு ஒரு பாறை வந்திருக்கிறது. பிளாஸ்டர் கட்டுப் போட்டு இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். நாலு மாதமாக அதைக் கொத்துகிறேன். சின்ன வயதில் என்னை மண்ணாங்கட்டி என்று கூப்பிடுவாயே, உன் வாய் முகூர்த்தம், மண்ணாங்கட்டி உடைப்பதே என் பிழைப்பாகிவிட்டது. உள்ளே ஒரு மிருகம் படுத்திருக்கிறது. ஓநாய் அளவு, நாலு கால், நீண்ட மூஞ்சி. ஏதோ பழைய காலத்து நாய் ஜாதி என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

போன செவ்வாய்க்கிழமை மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் காதெலும்பு வெளியே வந்தது. கோழிமுட்டையில் பாதி இருக்கும். சோழிக்கு இருப்பது போல உள்பக்கம் ஓர் உதடு, தடித்துச் சுருண்டு. எங்கள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். (ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். வாசலில் இருக்கும் காவலாளி இன்றும் அவரிடம் முட்டி வலிக்கு மாத்திரை கேட்கிறார்.) அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது திமிங்கிலம்" என்றார்.

"திமிங்கிலத்துக்குக் கால் ஏது மேடம்?"

"இருந்துச்சு. அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சு. இந்த மாதிரி தடிச்ச உதடு திமிங்கிலத்துக்கும் அதோட சொந்தக்காரங்களுக்கும் மட்டும்தான். உடம்பெல்லாம் இன்னும் தரையில நிக்குது பாருங்க. காது மட்டும் முன்னாடியே கிளம்பிடுச்சு."

அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன இப்போ" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வருகிற ஏப்ரலோடு நம் கடைக்குட்டி வாலு போய் முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. நாம் மூன்று பேராக இருந்தோம் என்பதைப் பேசக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை. அம்மா உன்னையே இன்னும் 'அவ' என்றுதான் சொல்கிறாள், அதுவும் எப்போதாவது. வாலுவைப் பற்றிச் சொல்வதே இல்லை.

ஏழு வரியாவது எழுது.

உன்
மண்ணாங்கட்டி


பிப்ரவரி 27, வியாழன்

மண்ணாங்கட்டிக்கு,

கடிதம் வந்தது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. சொட்டும் சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறேன். இது மூன்று வரி.

வேலை அப்படியேதான் போகிறது. காலை ஆறு மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் இரண்டு மணிக்குத்தான் கழற்ற முடியும். ஆம்புலன்ஸ் கேட்டுப் போன் செய்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விலாசம் சொல்வதில்லை. நேற்று ஒருவர்:

"சீக்கிரம் வாங்க, என் பொண்டாட்டி விழுந்துட்டா."

"எங்கே சார்?"

"இங்கதான்."

"இங்கன்னா எங்க சார்?"

"எங்க வீட்டுல தாம்மா, வேற எங்க?"

என் பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பயந்து போனவர்களுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அதன் பெயர் 'இங்கே'. அது எந்த இங்கே என்று கேட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை.

இதனால்தான் வீட்டில் போன் வைத்துக்கொள்ளவில்லை. நீயும் போன் வாங்கு வாங்கு என்று எழுதாதே. எழுத்தில் குரல் இல்லை, அது எனக்கு வசதி.

உன் திமிங்கிலத்தைப் பற்றி ஒரு கேள்வி. தரையில் நன்றாக நடந்துகொண்டிருந்த மிருகம் எதற்குத் தண்ணீருக்குத் திரும்பிப் போனது? யார் துரத்தினார்கள்?

வாலுவைப் பற்றி எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. படித்தால் இரண்டு மூன்று நாளைக்கு வேலையில் கவனம் சிதறுகிறது. என் வேலையில் அது நல்லதில்லை.

அம்மாவுக்கு மிஷினின் பேட்டரியை மாற்றிப் பார்த்தாயா? பல பேருக்குக் கோளாறு அதில்தான்.

அக்கா


மார்ச் 23, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பேட்டரி புதிதுதான். கோளாறு அம்மாவிடம்தான்.

உன் கேள்வியை டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். யார் துரத்தினார்கள் என்று. "உங்க அக்கா சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார். யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். ஒரு யூகம் இருக்கிறது. முதலில் மான் சாயலில் ஒரு சின்ன மிருகம், ஆற்றோரம் மேய்ந்திருக்கும். ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் இறங்கி மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் நிற்கும். அப்படிச் செய்கிற சிறு மான் வகை இன்றும் இருக்கிறதாம். ஒளிவதற்கு இறங்கியது, பிறகு அங்கேயே தின்னப் பழகியது, பிறகு ஏறி வருவது குறைந்துபோனது. என் மேஜை மிருகத்தின் கால் எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். உள்ளே குழல் குறுகி, சுவர் தடித்துக் கல் போல் கனக்கிறது. ஓடுகிற மிருகத்துக்கு அது வீண் சுமை. மிதக்காமல் அடியில் நிற்க வேண்டியதற்கு அது உதவி. கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் கப்பி போல இருக்கிறது, ஆட்டுக்கும் மானுக்கும் பன்றிக்கும் இருப்பது போலவே. ஆக, திமிங்கிலத்துக்கு மீன் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆடுதான் தூரத்துச் சித்தப்பா.

இன்னொன்றும் சொன்னார். இப்போதிருக்கும் திமிங்கிலக் குட்டிக்கும் தாய் வயிற்றில் கொஞ்ச நாள் பின்னங்கால் மொட்டு விடுமாம். பிறகு அது தானாகக் கரைந்துவிடும். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு குட்டிக்கும் அந்தக் கால் ஒரு தடவை வந்து போகிறது. இதைக் கேட்ட அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள்.

அழுத்திய காற்றால் அதிரும் ஒரு சின்ன உளிதான் என் ஆயுதம், பேனா அளவு. சத்தம் காதைத் துளைக்கும், அதனால் காதுக்குக் கவசம் போட்டுக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், முதுகு வலி தாங்காமல் பாறை மீதே தாடையை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். கவசத்தையும் மீறிச் சத்தம் கேட்டது. காது வழியாக இல்லை, தாடை வழியாக. உளி என் வலது கையில் இருக்கிறது, ஆனால் சத்தம் வலது பக்கத்திலிருந்து வரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. மண்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்டது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். விளக்கினார். காற்றில் சத்தம் ஒரு காதுக்குத் துளி முன்னதாகவும் மறு காதுக்குத் துளி பின்னதாகவும் வருகிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நமக்குப் பக்கம் தெரிகிறது. தண்ணீரில் சத்தம் நாலு மடங்குக்கு மேல் வேகம். அதோடு மண்டையோடு மொத்தமும் அதிர்வதால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. பின்னால் வந்த திமிங்கிலங்கள் காதெலும்பை மண்டையிலிருந்து பிரித்து, காற்றுப் பைகளுக்கு நடுவில் தனியாகத் தொங்கவிட்டுக்கொண்டன. தாடை வழியாகக் கேட்டு, பக்கத்தையும் கண்டுபிடித்தன. அதற்குப் பல லட்சம் தலைமுறை ஆனது. "நம்ம ஆளுக்கு அது இன்னும் வரல" என்று என் மிருகத்தைத் தட்டிக்கொடுத்தார். "கூப்பிட்டது கேட்டிருக்கும். எங்கிருந்துன்னு தெரிஞ்சிருக்காது. தண்ணிக்குள்ள திசை தெரியாத காது."

பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

அக்கா, அன்றைக்கு நாம் மூன்று பேரும் பழைய கல்குழிக்குப் போனோம். உனக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று, வாலுவுக்கு ஏழு. நீச்சல் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் கரையில் நின்றேன். வாலு எதிர்ப் பக்கம், வெட்டிய படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். நீ முங்கினாய். அவள் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். நான் 'அங்க, அங்க' என்று கத்தினேன். நீ அவள் பக்கம் போகவில்லை. என் பக்கம் வந்தாய். கூப்பிட்டது கேட்டும் வேறு பக்கம் போனாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மா அதை நம்பினாள். அடுத்த வருஷமே உன்னை விடுதிக்கு அனுப்பினாள். நீ திரும்பி வரவேயில்லை.

நீ தப்பான பக்கம் போகவில்லை அக்கா. தண்ணீருக்குள் உனக்குப் பக்கமே கிடையாது. யாருக்குமே கிடையாது. இது எலும்பில் எழுதியிருக்கிறது.

இதை அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவளுக்குப் புரிகிற மாதிரி படம் போட்டுக் காட்டுகிறேன். உனக்கு வேண்டியதை ஐந்து கோடி வருஷமாக ஒரு மிருகம் காதில் வைத்துக் காத்திருந்தது போல எனக்குத் தோன்றுகிறது. சிரிக்காதே.

உன்
தங்கை


ஏப்ரல் 8, செவ்வாய்

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

உன் எலும்பு நல்ல எலும்பு. டாக்டரம்மாவும் நல்லவர். ஆனால் அது எனக்குப் பொருந்தாது. ஏனென்றால் என் தலை தண்ணீருக்குள் இல்லை.

மூச்சு வாங்க மேலே வந்திருந்தேன். இரண்டு காதும் வெளியே இருந்தன. நீ கரையில் நின்றதைப் பார்த்தேன். உன் வாய் அசைந்ததைப் பார்த்தேன். நீ 'அங்க' என்று கத்தவில்லை. 'இங்க' என்று கத்தினாய். இரண்டு தடவை. இங்க, இங்க.

வெயில் தண்ணீரில் பட்டு எதிர்ப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. உன் முகம் மட்டும் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உன்னைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் வந்தேன். வந்த வேகத்தில் முழங்கால் பாறையில் கிழிந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கரையேறி உன் தோளைப் பிடித்த பிறகுதான் நீ கையை நீட்டினாய். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சும்மா இருந்தது.

சாயங்காலம் அம்மா கேட்டாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அங்கன்னு சொன்னேன், அக்கா இந்தப் பக்கம் வந்துட்டா" என்றாய். நான் வாயைத் திறந்தேன். உன்னைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். அம்மா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நீச்சல் தெரிஞ்சவ நீதானே." அதற்குப் பிறகு அவளுக்கு இன்னொரு வாக்கியம் தேவைப்படவில்லை.

என்னைத் தியாகி ஆக்கிவிடாதே, எனக்கு அது பிடிக்காது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வீடு முழுக்க ஆட்கள். அதற்கு அடுத்த நாள் நீ காய்ச்சலில் கிடந்தாய். அப்புறம் அந்தப் பேச்சே ஊசிப்போய்விட்டது. அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் இருபது முப்பது பேர் என் காதில் 'இங்க, இங்க' என்று கத்துகிறார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே என்று கேட்கிறேன். அன்றைக்கு உன்னிடம் கேட்கவில்லை. என் பக்கத்துத் தப்பு அது. அதை எந்த மிருகத்தின் காதும் வாங்கிக்கொள்ளாது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. எலும்பையும் சொல்லாதே, இதையும் சொல்லாதே. அவளுக்கு எழுபத்து நாலு வயது. இந்த வயதில் எதற்கு மகள் மாற்றம்?

இதற்குப் பதில் எழுத அவசரப்படாதே.

அக்கா


மே 11, ஞாயிறு

அக்கா,

அவசரப்படவில்லை. ஐந்து வாரம் ஆகிறது.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. எலும்பில் உடைந்து காணாமல் போன இடத்தைப் பிளாஸ்டர் வைத்து நிரப்புவோம். நிரப்பிய இடத்துக்கு எலும்பின் நிறத்தைப் பூசக் கூடாது. ஒரு சாயல் மாற்றித்தான் பூச வேண்டும். பின்னால் பார்க்க வருகிறவர்கள் எது எலும்பு, எது நாம் வைத்தது என்று ஏமாறக் கூடாது. இருபது வருஷமாக இதை நான் ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு தினமும் மனசுக்குள் அந்தக் கரையில் போய் நின்று பார்த்தேன். முதலில் 'அங்க' என்றுதான் கேட்டது, என் குரலிலேயே, அவ்வளவு தெளிவாக. அந்தத் தெளிவுதான் எனக்குச் சந்தேகம் தந்தது. பதினொரு வயதுப் பெண்ணின் குரலாக அது இல்லை. பின்னால் வீட்டில் அம்மாவிடம் சொன்னேனே, அந்தக் குரல். கரையில் வேறு ஒன்று இருந்தது. அதை எடுக்க ஒரு வாரம் ஆனது.

நான் 'இங்க பாரு' என்று கத்தினேன் அக்கா. 'இங்க பாரு, அங்க வாலு' என்று சொல்ல வந்தேன். நம் வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இங்க பாரு என்றுதானே ஆரம்பிப்போம்? உப்பு வேண்டுமென்றாலும் இங்க பாரு, சண்டைக்கும் இங்க பாரு. அதற்கு இடமே கிடையாது. என்னைக் கவனி என்று அர்த்தம், அவ்வளவுதான். 'இங்க' இரண்டு தடவை வெளியே வந்தது. மிச்சம் வரவில்லை. நீ நீந்தி வருவதைப் பார்த்தேன். தப்பாக வருகிறாய் என்று தெரிந்தது. ஆனாலும் நீ என் பக்கத்தில் வருகிறாய் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுவும் உண்மை. இதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அம்மா கேட்டபோது, காணாமல் போன இடத்தை நான் நிரப்பினேன். எலும்பின் நிறத்தையே பூசினேன்.

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். போன ஞாயிறு, காலைக் காபிக்குப் பிறகு. மிஷினைக் காதில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு தடவை குறுக்கிட்டாள்.

"அப்ப என்ன சொன்னியோ அதை அப்படியே சொல்லு."

"இங்க, இங்க."

"கத்தித்தானே சொன்ன? கத்திச் சொல்லு."

சமையலறையில் நின்று கத்தினேன். நாற்பத்து நாலு வயதில். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி என்னாச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். அம்மா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சின்னப் பொண்ணு, பயத்துல வாய் குழறிடுச்சு. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் சொன்னாள்: "ஆனா முப்பத்து மூணு வருஷம் என்னை அவகிட்டப் பேசவிடாம வச்சிருந்தியே. அதுக்கு என்ன பண்ணுவ?"

அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அவகிட்டக் கொண்டு விடு. இல்ல, நீ வராத. பஸ்ல ஏத்தி விடு போதும்."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மிஷின் காதிலேயே இருக்கிறது, ஒரு நாள் கூடக் கழற்றவில்லை. வீட்டில் நான் நடப்பதை, பாத்திரம் வைப்பதை எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது எனக்கு அவள் அதைக் கழற்றி வைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மே 24, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். ஒன்றரை மணிக்கு உங்கள் நிலையத்துக்கு வரும். உனக்கு முடியாதென்றால் ஒரு வரி எழுது, நிறுத்திவிடுகிறேன். எழுதாவிட்டால் அனுப்புகிறேன். அவளுக்கு இடது கண்ணில் கொஞ்சம் மங்கல், படி இறங்கும்போது இடது பக்கம் நின்றுகொள்.

நீ என்னைக் காப்பாற்றத்தான் வந்தாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. படிக்க முடியவில்லை.

உன்
தங்கை


ஜூன் 22, ஞாயிறு

மண்ணாங்கட்டிக்கு,

அம்மா வந்து ஒரு மாதம் ஆகிறது. நீ இரண்டு கடிதம் போட்டிருக்கிறாய், இரண்டிலும் அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறாள்.

நான் பஸ் நிலையத்தில் பன்னிரண்டு மணியிலிருந்து நின்றேன். இடது பக்கம் போய் நின்று இறக்கினேன். என்னைப் பார்த்து "இளைச்சுட்ட" என்றாள். பெட்டியை என் கையில் கொடுக்கவில்லை, அவளே தூக்கி வந்தாள். முதல் இரண்டு வாரம் ஒரு லாட்ஜில் தங்கியவள் மாதிரி இருந்தாள். குளித்துவிட்டுக் குளியலறையைத் துடைத்து வைப்பாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைப்பாள். நான் வேலை முடிந்து வந்தால் எழுந்து நிற்பாள். என் அம்மா எனக்காக எழுந்து நிற்பதைப் பார்ப்பது நன்றாக இல்லை.

பிறகு ஒரு மதியம், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றாள்.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"மேல வெதுவெதுன்னு இருந்துச்சும்மா. கீழ சில்லுன்னு இருந்துச்சு."

"ரொம்பவா?"

"ரொம்ப."

தலையை ஆட்டினாள். வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி என்னிடம் நீட்டினாள். மிச்சத் துணிகளை இரண்டு பேருமாகக் காயப்போட்டோம். அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள். வாலு செருப்பை எங்கே கழற்றி வைத்தாள்? தலையில் ரிப்பன் இருந்ததா? அவள் அம்மா என்று கூப்பிட்டாளா? தெரிந்ததைத் தெரியும் என்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

இன்னொரு விஷயம். அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'இங்க பாரு' சொல்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இங்க பாரு, பால் பொங்குது. பால் பொங்குவது அடுப்பில், அவள் உட்கார்ந்திருப்பது ஜன்னலோரம். இங்க பாரு, மழை வருது. இங்க பாரு, தபால்காரர் போறார். ஒவ்வொரு தடவையும் நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். பால் வழிந்துவிடுகிறது. நமக்கு அது அவளிடமிருந்துதான் வந்தது. உனக்கு வந்தது, வாலுவுக்கும் வந்திருக்கும். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. நீயும் சொல்லாதே. இந்தத் தடவையாவது கேள்.

உன்னைப் பற்றி அவள் பேசுவதில்லை. தவிர்க்க முடியாமல் சொல்ல வேண்டி வந்தால் 'அவ' என்கிறாள். இந்தப் பருப்பு டப்பா மாதிரியே ஒண்ணு அவ வச்சிருந்தா. இந்தப் போர்வை அவ வாங்கிக் கொடுத்தது. அந்தச் சொல்லுக்குள் இத்தனை வருஷம் நான் குடியிருந்திருக்கிறேன். எந்த மூலையில் குளிரும், எந்தப் பக்கம் ஜன்னல் இல்லை என்று எல்லாம் எனக்குத் தெரியும். நீ இப்போது அங்கே தனியாக இருக்கிறாய் என்று நினைத்தால், எனக்குக் கிடைத்ததில் ஒரு சுகமும் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லையா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. இருக்கிற நாளிலும், அந்த முகத்தை மறுபடி பார்த்தால் அதே பக்கம்தான் நீந்துவேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் மருந்துச் சீட்டை நீ பெட்டியில் வைக்க மறந்துவிட்டாய். இங்கே டாக்டர் அதைப் பார்க்காமல் ரத்த அழுத்த மாத்திரையை மறுபடி எழுதித் தர மாட்டேன் என்கிறார். இருக்கிற மாத்திரை இன்னும் பதினொரு நாளைக்கு வரும்.

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. சீட்டை மட்டும் கொண்டு வா, எலும்பு விளக்கம் எதுவும் வேண்டாம். சனி ஞாயிறு வராதே, வேலை நாளில் வா. இரண்டு மணிக்கு முன்னால் வா. அப்போது நான் வேலையில் இருப்பேன். பக்கத்து வீட்டிலும் சாவி கிடையாது.

கதவை அவள்தான் திறக்க வேண்டும்.

அக்கா